கைதட்டும் வகுப்பு

நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது பட்டறையில் கொண்டுபோய் விடுவார்களா? இந்தக் காலத்தில் விடுகிறார்கள். இஞ்சின் சத்தம் சுத்தமாக இருக்கும், புகை இருக்காது, மேட்டில் இழுவையும் இருக்கும். ஆனாலும் மூடியைத் திறந்து நாலு பேர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால்தான் சொந்தக்காரனுக்குத் தூக்கம் வருகிறது. பிள்ளைகள் விஷயமும் அப்படியே ஆகிவிட்டது. விளையாடுகிற பிள்ளையைப் பார்த்து, விளையாடுகிறது என்று சொல்லிவிட்டுப் போக ஒருத்தருக்கும் மனசு வருவதில்லை. அதற்குள் என்னவோ மலர்கிறதாம், என்னவோ வெளிப்படுகிறதாம். மூக்கு ஒழுகினால்கூட அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு ஒரு வகுப்பு வைத்து, அந்த வகுப்புக்கு ஒரு டீச்சரையும் வைத்துவிடுகிறார்கள்.

இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தவர் ஒரு பழைய லாரிக்காரர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ரோட்டில். கையைக் காட்டி வண்டியை நிறுத்துகிறவனை நம்பலாம், சிரித்துக்கொண்டே நிறுத்துகிறவனை நம்பக் கூடாது என்பது அந்தப் படிப்பில் முதல் பாடம். வயதாகி, கண் மங்கி, ஸ்டியரிங்கை விட்ட பிறகு மகள் வீட்டில் இருக்கிறார். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு ஊர் ஊராக மருந்துப் பெட்டியோடு சுற்றுகிற வேலை. அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து மகள் வீடு திரும்புகிற வரை பேத்திகள் இரண்டும் தாத்தா பொறுப்பு.

இரட்டைப் பிள்ளைகள். பிறந்த அன்றைக்குத் தொட்டிலை எட்டிப் பார்த்த தாத்தா, "என்னம்மா இது, நண்டும் சிண்டுமா கிடக்குது!" என்று சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. முதலில் வந்தவள் நண்டு, பின்னால் வந்தவள் சிண்டு. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர்கள் இருந்தன. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருக்கும்.

இரண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. சிண்டு யோசிப்பாள், நண்டு பேசுவாள். யார் சொல்லி இப்படி ஆனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போர்வையைத் தொங்கவிட்டு இரண்டும் உள்ளே போய்விடும். நண்டு எப்போதும் வலது பக்கம். சிண்டு அந்தப் பக்கம் திரும்பி நண்டுவின் காதில் குசுகுசு என்று என்னவோ சொல்வாள். அடுத்த நிமிடம் நண்டுவின் தலை போர்வைக்கு வெளியே வரும்.

"தாத்தா, மழை ஏன் சாஞ்சு பெய்யுது தெரியுமா?"

"ஏன்டி?"

"அதுக்கு அவசரமாம். ஓடி வருதாம். ஓடுறப்போ நாமளும் சாஞ்சுதானே ஓடுறோம்?"

தாத்தா சிரிப்பார். உள்ளே சிண்டுவும் சிரிப்பாள். சிண்டுவின் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. மேஜை மட்டும் லேசாக ஆடும். சாயங்காலம் முழுக்க அந்த மேஜை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஒரு கிழவனுக்கு வேறு என்ன வேண்டும்?

ஒருநாள் எதிர் வீட்டில் சுவர் கட்டுவதற்காகச் செங்கல் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். இத்தனை கல்லை வைத்து என்ன பண்ணப் போகிறார்கள் என்று நண்டு கேட்டாள். சிண்டு வலது பக்கம் திரும்பிக் காதில் சொன்னாள்.

"செங்கல்லைக் கேட்டாத்தான் தெரியுமாம் தாத்தா," என்று நண்டு அறிவித்தாள். "அதுக்குச் சுவரா நிக்கப் பிடிக்குமோ என்னவோன்னு சிண்டு சொல்றா."

"அப்ப போய்க் கேளுங்களேன்டி."

சிண்டு மறுபடியும் காதில் சொன்னாள்.

"நாளைக்குக் கேட்டுட்டு வந்து என்கிட்ட சொல்றாளாம்," என்றாள் நண்டு.

அந்த நாளைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைத்தார்கள்.

பரீட்சை என்று சொல்லக் கூடாதாம். 'ஒளி தேடும் நிகழ்வு' என்று சொல்ல வேண்டுமாம். தொடக்கப் பள்ளியிலேயே தனித்திறன் உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் 'சுடர் வகுப்பு' என்று தனியாக உட்கார வைக்கப் போகிறார்கள். அதற்காகவே ஒரு டீச்சர் புதிதாக வந்திருந்தார். கழுத்தில் ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் கலர் கலராக அட்டைகள். நீல அட்டையைத் தூக்கினால் பிள்ளைகள் யோசிக்க வேண்டும். மஞ்சளைத் தூக்கினால் வியப்படைய வேண்டும். சிவப்பைத் தூக்கினால் கேள்வி கேட்க வேண்டும். பச்சைக்குக் கைதட்ட வேண்டும். தாத்தா அவருக்கு அட்டை டீச்சர் என்று பெயர் வைத்தார்.

பிள்ளைகளை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் கூப்பிட்டு, மேஜைமேல் ஒரு செங்கல்லை வைத்து, "இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்?" என்று கேட்டார்கள். வீடு கட்டலாம் என்றது ஒரு பிள்ளை. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றது இன்னொன்று. நண்டு உள்ளே போய், முந்தின நாள் சிண்டு சொன்னதை அப்படியே சொன்னாள். செங்கல்லைக் கேட்டால்தான் தெரியும்.

அட்டை டீச்சர் மஞ்சள் அட்டையைத் தமக்குத் தாமே தூக்கிக்கொண்டாராம்.

அடுத்தது சிண்டு. அதே கேள்வி. சிண்டு செங்கல்லைப் பார்த்தாள். வலது பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. இல்லாத காதில் என்னவோ மெதுவாகச் சொல்லிவிட்டு, நண்டு எடுத்துச் சொல்வாள் என்று காத்திருந்தாள். யாரும் எடுத்துச் சொல்லவில்லை. 'பதில் இல்லை, காற்றோடு பேசுகிறாள்' என்று குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நண்டு சுடரானாள்.

மகள் அன்றைக்கு ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல் கேக் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, நம்ம நண்டு ஜீனியஸாம்ப்பா!" என்றாள். கண்ணில் தண்ணீர்.

"அப்ப சிண்டு?"

மகள் கேக்கை வெட்டுவதில் கவனமாக இருந்தாள். "அவளுக்கும் ஒரு வகுப்பு இருக்காம்ப்பா. யாரையும் விடமாட்டாங்களாம்."

யாரையும் விடவில்லை என்பது உண்மைதான். மிச்சமுள்ள பிள்ளைகளுக்கு 'பாராட்டுத்திறன் வளர்ப்புப் பிரிவு' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். சுடர்கள் எதையாவது செய்தால் பார்த்துக் கைதட்ட ஆள் வேண்டும் அல்லவா? அதைச் சிறு வயதிலேயே முறையாகக் கற்றுக்கொடுத்துவிட்டால் பிற்காலத்தில் நாட்டுக்கு நல்லது என்று தலைமை ஆசிரியை பெற்றோர் கூட்டத்தில் விளக்கினார். பெற்றோர்கள் கைதட்டினார்கள். பயிற்சி இல்லாத கைதட்டல்தான், ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

புது வகுப்புகள் ஆரம்பித்த அன்றைக்குச் சாயங்காலம் சிண்டு தாத்தாவை இழுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். செங்கல் அடுக்கின்மேல் காதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். கொத்தனார்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள்.

"என்னடி சொல்லுச்சு?" என்றார் தாத்தா.

சிண்டு தலையை ஆட்டினாள். "நண்டுகிட்டதான் முதல்ல சொல்லணும்."

வீட்டுக்கு ஓடினாள். போர்வைக்குள் நுழைந்தாள். நண்டு ஏற்கனவே உள்ளே இருந்தாள், கையில் பேப்பரும் பென்சிலுமாக. சுடர் வகுப்பின் முதல் வீட்டுப்பாடம்: 'இன்று நீயாக நினைத்த ஒன்றை எழுது.' சிண்டு வலது பக்கம் திரும்பி வாயைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சொல்லாத," என்றாள் நண்டு.

மேஜைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு அது நன்றாகக் கேட்டது.

"டீச்சர் சொல்லியிருக்காங்க. எனக்குத் தானா வரணுமாம். உன்கிட்ட கேட்டா அது காப்பியாம். காப்பி அடிச்சா சுடர் அணைஞ்சுடுமாம்."

பிறகு உள்ளேயிருந்து மெதுவாக ஒரு கைதட்டல் கேட்டது. சிண்டுவுக்கும் அன்றைக்கு முதல் பாடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மேஜை ஆடவில்லை.

சுடர் வகுப்பில் என்ன நடக்கிறது என்று தாத்தா நண்டுவைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு மணி அடித்தால் சுதந்திரமாகச் சிந்திக்க வேண்டும். இன்னொரு மணி அடித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். மணிக்குப் பிறகு சிந்திக்கிற பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதிவிடுவார்கள். 'வட்டத்தில் உட்கார்ந்து ஆச்சரியப்படுதல்' என்று ஒரு பாடம். 'எதற்கும் சரியான விடை கிடையாது' என்று ஒரு பாடம். அதில் பரீட்சை வைத்துத் தப்பான விடைகளுக்கு மார்க் குறைத்தார்கள்.

பிறகு தோல்வி நாள் வந்தது. மேதைகள் தோல்விக்கு அஞ்சக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு தோல்வியைக் கொண்டுவர வேண்டும். பெற்றோர்கள் ஓடாத இடமில்லை. மூன்றாவது வீட்டு என்ஜினீயர் தன் பையனுக்காக ஆள் வைத்து, தண்ணீரில் விட்டதும் அழகாக மூழ்கிப்போகிற மாதிரி ஒரு கப்பல் செய்ய ஏற்பாடு பண்ணியிருந்தார். மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நாளைக்குக் காலையில தோல்வி வேணும்ப்பா. வீட்டுல ஒண்ணுகூட உருப்படியா இல்ல. நான் எங்க போவேன்?"

"நான் ஒருத்தன் இருக்கேனே, என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு," என்றார் தாத்தா.

மகள் சிரிக்கவில்லை. கடைசியில் கருகின ரொட்டி ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். மூழ்கின கப்பலுக்கு முதல் பரிசு. ரொட்டியில் போதுமான முயற்சி தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சிண்டுவின் வகுப்பில் இத்தனை கலாட்டா இல்லை. அங்கே மெல்லிய தட்டல், நடுத்தரத் தட்டல், எழுந்து நின்று தட்டல் என்று மூன்றுதான். சிண்டு மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகப் பயிற்சி செய்வாள். உள்ளங்கை சிவந்து கிடக்கும். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து களிம்பு கொண்டுவந்து தடவிவிட்டாள். ஒருநாள் சுடர் வகுப்புப் பிள்ளைகள் எதையோ செய்துகாட்ட வந்தபோது, அட்டை டீச்சர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்து சிண்டு வாயைத் திறந்துவிட்டாளாம். அவள் வகுப்பு டீச்சர் அன்பாகத்தான் சொன்னார்: "பேச்சு நம்ம பாடத்துல இல்லம்மா." சிண்டு தன் வாழ்நாளில் நாலு பேர் நடுவே வாய்விட்டுப் பேச முயன்றது அதுதான் முதல் தடவை. கைதட்டலில் மார்க் குறைந்தது.

ஒருநாள் சாயங்காலம் நண்டு தாத்தாவின் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, தப்புத் தப்பா எழுதினா என்னைச் சிண்டு கிளாசுக்கு அனுப்பிடுவாங்கல்ல?"

"அனுப்பிடுவாங்கன்னு நினைக்கிறேன். ஏன்டி?"

"எனக்குள்ள ஒண்ணுமே வரமாட்டேங்குது தாத்தா. மணி அடிக்கிறாங்க. கண்ணை மூடிக்கிறேன். உள்ள யாருமே இல்ல."

தாத்தா அவளைத் தட்டிக்கொடுத்து, "தப்பா எழுது கண்ணு. தாராளமா எழுது," என்றார்.

நண்டு உயிரைக் கொடுத்துத் தப்பு செய்தாள். இரண்டும் இரண்டும் எத்தனை என்றதற்குத் 'தெரியாது' என்று எழுதினாள். அடக்கம் என்று பாராட்டினார்கள். வெள்ளைத் தாளை அப்படியே கொடுத்தாள். சொல்லுக்கு அப்பாற்பட்ட படைப்பு என்று சட்டம் போட்டு மாட்டினார்கள். மணி அடித்தபோது தரையில் படுத்துக்கொண்டாள். உடல்வழிச் சிந்தனை என்று மற்ற பிள்ளைகளையும் படுக்கச் சொன்னார்கள். கடைசியில் பாவம், வேறு வழி தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்து அழுதாள். உணர்வுக் கூர்மை என்று சொல்லி அவளைச் சுடர் வகுப்பிலிருந்து 'பெருஞ்சுடர்' வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். அது சிண்டு இருந்த கட்டடத்திலிருந்து இன்னும் ஒரு கட்டடம் தள்ளி.

தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

வாசலில் காவல்காரர் அவர் நெஞ்சில் 'விருந்தினர்' என்று ஒரு காகிதத்தை ஒட்டி அனுப்பினார். தலைமை ஆசிரியையின் அறை குளுகுளு என்றிருந்தது. சுவரில் பெரிய எழுத்தில், 'செங்கல்லைக் கேட்டால்தான் தெரியும்' என்று எழுதியிருந்தது. பள்ளியின் புதிய குறிக்கோள் வாக்கியமாம்.

"வாங்க ஐயா, வாங்க. பெருஞ்சுடரோட தாத்தாவா? நீங்க குடுத்து வச்சவங்க." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தாத்தாவுக்கு அங்கேயே பிரேக் பிடித்தது.

"டீச்சரம்மா, நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவன். ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சுடுங்க. எந்த வகுப்பா இருந்தாலும் சரி."

"ஏன்?"

"ஒண்ணு யோசிக்கும், ஒண்ணு பேசும். அதுங்க அப்படித்தான். நீங்க பேசுறதை ஒரு அறையிலயும் யோசிக்கிறதை ஒரு அறையிலயும் போட்டுட்டீங்க. இதோ எழுதி வச்சிருக்கீங்களே, இது நண்டு சொன்னது இல்ல. சிண்டு சொன்னது."

தலைமை ஆசிரியை பக்கத்தில் நின்ற அட்டை டீச்சரைப் பார்த்தார். அட்டை டீச்சர் ஒரு கணம் நீல அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அது எப்படி ஐயா முடியும்?" என்றார் அட்டை டீச்சர் இரக்கத்தோடு. "அந்தக் குழந்தைக்குத்தான் திறமை இல்லைன்னு நாங்க முடிவு பண்ணிட்டோமே."

"நீங்க சொல்றதுக்குப் பேரு சார்ந்திருத்தல்," என்றார் தலைமை ஆசிரியை. "ஒரு குழந்தை இன்னொரு குழந்தைகிட்ட கேட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, சேர்ந்து யோசிக்கிறது. சாதாரணக் குழந்தைங்ககிட்ட இதை நிறையப் பார்க்கலாம். நாங்க அதைக் குணப்படுத்துறோம். இங்க வந்தப்போ உங்க பேத்தி எவ்வளவு பேசுவா தெரியுமா? வாய் ஓயாது. இப்ப பாருங்க, ஒரு வார்த்தை வருதா? அதுதான் எங்க உழைப்பு."

"அது அழுவுதும்மா."

"அழட்டும் ஐயா. எல்லாக் குழந்தையாலயும் அப்படி அழ முடியாது."

தலைமை ஆசிரியை குரலைத் தாழ்த்தி, நம்பிக்கையான ஆளிடம் சொல்கிற மாதிரி சொன்னார்: "திறமையைக் கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமே இல்ல. யார் வேணும்னாலும் கண்டுபிடிச்சுடலாம், பிள்ளைகளைச் சும்மா விட்டாலே அது பாட்டுக்கு வெளிய வந்துடும். திறமை இல்லாதவங்களைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். அதுக்குத்தான் நாங்க பயிற்சி எடுத்திருக்கோம்."

வெளியே வந்து நெஞ்சிலிருந்த காகிதத்தைப் பிய்த்தபோது சட்டையில் இருந்த நூலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

அன்றைக்கு மகளிடம் சொன்னார். மகள் களைத்துப்போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளைங்களைப் பாரும்மா. ரெண்டும் ஊமையாப் போச்சு. வேற பள்ளிக்கூடம் பாரு."

"அப்பா, நான் படிச்சப்போ என்னை யாருப்பா பார்த்தாங்க? கடைசி பெஞ்சுல உக்கார வச்சு மறந்தே போயிட்டாங்க. என் பொண்ணுல ஒருத்தியையாவது ஒருத்தங்க பார்த்து, இவகிட்ட என்னமோ இருக்குன்னு சொல்றாங்க. அதைப் போய் வேணாம்ன்னு சொல்லச் சொல்றீங்களா?"

மகள் சொன்னதும் பொய் இல்லையே. ஆனால் மேஜைக்கு அடியில் போர்வை மடித்தபடி கிடந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஒருநாள் சிண்டுவிடம் கேட்டார். "அந்தச் செங்கல்லு என்னதான் சொல்லுச்சு? என்கிட்டயாவது சொல்லேன்."

"நண்டுகிட்டதான் தாத்தா சொல்லணும். அவ காதைக் குடுக்கமாட்டேங்கிறா," என்றாள் சிண்டு. அதைக்கூட அவர் காதோடு காதாகத்தான் சொன்னாள்.

வருடக் கடைசியில் சுடர் விழா வைத்தார்கள். பெரிய கூடம். முன்வரிசையில் முக்கியஸ்தர்கள், அடுத்து பெற்றோர்கள், ஓரமாக இரண்டு வரிசையில் பாராட்டுத்திறன் பிரிவுப் பிள்ளைகள், முதுகு நிமிர்ந்து, கைகளை மடியில் தயாராக வைத்துக்கொண்டு. முதல் வரிசையில் சிண்டு. அவளுக்கு வலது பக்கத்தில் இருந்த பையன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மகள் இருக்கிறதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை.

மேடையில் ஒரு பட்டுத் தலையணைமேல் ஒரு செங்கல் இருந்தது. அதற்கு விளக்கு வேறு போட்டிருந்தார்கள்.

தலைமை ஆசிரியை பேசினார். "இந்த மேடையில நிக்கிற ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமான குழந்தை," என்றார். ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரி அங்கி, ஒரே மாதிரிப் புன்னகையோடு சுடர்கள் வரிசையாக நின்றன. பச்சை அட்டை உயர்ந்தது. நடுத்தரத் தட்டல். அட்டை இறங்கியது. தட்டல் நின்றது, கத்தரித்த மாதிரி.

ஒரு சுடர் பின்பக்கமாக நடந்து காட்டியது. ஒரு சுடர் மேஜையைப் பார்த்து ஆச்சரியப்பட்டது. மூழ்கின கப்பலை மறுபடியும் மூழ்க வைத்தார்கள். கடைசியாக, பெருஞ்சுடரை நடுவில் நிறுத்தி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். தொப்பி பெரிதாக இருந்ததால் நண்டுவின் முகம் பாதிதான் தெரிந்தது.

"செங்கல்லைக் கேட்டாத்தான் தெரியும்ன்னு இந்தக் குழந்தை சொன்னது நம்ம எல்லாருக்கும் தெரியும்," என்றார் அட்டை டீச்சர். "இன்னிக்கு நாம அடுத்த கட்டத்துக்குப் போறோம். சொல்லும்மா. நீ செங்கல்லைக் கேட்டியா? அது என்ன சொல்லுச்சு?"

நீல அட்டை உயர்ந்தது.

நண்டு செங்கல்லைப் பார்த்தாள். தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கூடம் முழுக்கத் தேடினாள். முக்கியஸ்தர்களைத் தாண்டி, பெற்றோர்களைத் தாண்டி, ஓர வரிசையில் அவள் கண் போய் நின்றது. சிண்டு எழுந்துவிட்டாள். உதடு அசைந்தது. பையன் நகம் கடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அந்த ஒரு வருடத்தில் இல்லாத ஒன்று இரண்டு பேர் முகத்திலும் வந்ததைத் தாத்தா பார்த்தார். மேடையில் இருந்தவள் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தாள், காதைக் கொடுப்பதற்கு.

பச்சை அட்டை உயர்ந்தது.

சிண்டுவின் உதடு மூடியது. கைகள் தாமாக மேலே போயின. தட்டினாள். அவளோடு சேர்ந்து இரண்டு வரிசையும் எழுந்து நின்று தட்டியது. நண்டு சாய்த்த தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"மௌனம்!" என்று மைக்கில் கூவினார் தலைமை ஆசிரியை. "செங்கல்லோட பதில் மௌனம்! எப்படிப்பட்ட குழந்தை பாருங்க!"

தாத்தா எழுந்துவிட்டார். "நிறுத்துங்க!" என்று கத்தினார். மலை இறக்கத்தில் ஹாரன் அடித்துப் பழகின குரல். கூடம் அடங்கியது. "அதுக்குத் தெரியாது! அந்தா கைதட்டுதே, அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்! அதைக் கேளுங்க!"

"அப்பா, உக்காருங்கப்பா," என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

தலைமை ஆசிரியை பெரிய மனசுக்காரர். சிரித்துக்கொண்டே கீழே இறங்கி வந்து மைக்கைச் சிண்டுவின் வாய்க்கு நேராக நீட்டினார். "சொல்லும்மா. தாத்தா ஆசைப்படறார்."

சிண்டு மைக்கைப் பார்த்தாள். வலது பக்கம் திரும்பினாள். அங்கே நகம் கடிக்கிற பையன். மேடையைப் பார்த்தாள். நண்டுவின் இரண்டு பக்கமும் சுடர்கள் நெருக்கி நின்றன. கை எட்டாத தூரம். தாத்தாவைப் பார்த்தாள். 'சொல்லு கண்ணு' என்று அவர் தலையை ஆட்டினார். பிறகு, தனக்கு என்ன தெரியும் என்று இந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததோ அதைச் செய்தாள். மைக்குக்கு நேராகக் கைகளைக் கொண்டுபோய்த் தட்டினாள். மெல்லியதும் இல்லை, நடுத்தரமும் இல்லை. ஒலிபெருக்கியில் அது கூடத்தின் நாலு மூலையிலும் போய் மோதியது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கை நிற்கவில்லை.

ஒரு முக்கியஸ்தர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் இத்தனை வருஷ அனுபவத்துல," என்றார் தலைமை ஆசிரியை, குரல் தழுதழுக்க, "இப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதே இல்ல. நாங்க இந்தக் குழந்தையைத் தவறா எடை போட்டுட்டோம். அதை ஒத்துக்கிறதுல எங்களுக்கு வெக்கம் இல்ல." கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தாத்தாவும்தான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த நம்பாத மனுஷனும் நம்பினார். "அடுத்த வருஷத்திலிருந்து கைதட்டலில் தனித்திறன் உள்ள குழந்தைகளுக்கு நம்ம பள்ளி தனி வகுப்பு ஆரம்பிக்குது. தெருவுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடம். அதோட முதல் மாணவி, இந்தக் குழந்தை!"

பச்சை அட்டை உயர்ந்தது.

மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ரெண்டு பேருமேப்பா! என் ரெண்டு பொண்ணுமே ஜீனியஸாம்ப்பா! இப்பவாவது ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுங்களேன்."

தாத்தா மகளின் தலையைத் தொட்டார். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை.

"எனக்குப் படிப்பு இல்லம்மா. அதனால நம்ப முடியல போலிருக்கு," என்றார்.

மேடையில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிண்டுவின் தலையிலும் ஒரு தொப்பி. வெகுநாளைக்குப் பிறகு நண்டு அவளுக்கு வலது பக்கத்தில் நின்றாள். ஆனால் படக்காரர் நேராகப் பார்க்கச் சொன்னார். இரண்டும் நேராகப் பார்த்தன.

தாத்தா நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். மதில் ஓரமாக நடந்தார். மதில்மேலும் அந்த வாக்கியத்தை எழுதி வைத்திருந்தார்கள், மூன்று வகுப்பு படித்தவரும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிதாக. செங்கல்லைக் கேட்டால்தான் தெரியும். நின்று ஒருமுறை படித்தார்.

"எங்கடா கேட்டீங்க?" என்றார் மதிலைப் பார்த்து.

உள்ளே மறுபடியும் கைதட்டல் எழும்பியது. அத்தனை பேர் தட்டுவதிலும் சிண்டுவின் கை எது என்று அவருக்குத் தனியாகத் தெரிந்தது. அது அடங்குகிற வரைக்கும் நிற்கலாம் என்று பார்த்தார். அடங்குகிற மாதிரி தெரியவில்லை. நடக்க ஆரம்பித்தார்.